கேள்வி–பதில்: பெட்ரோலே போகாத டப்பா

கேள்வி: என்னிடம் 1972-ஆம் வருடத்து போர்ஷே 914 இருக்கிறது. 1.7 லிட்டர், நாலு சிலிண்டர். முன்பு வைத்திருந்தவர் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு இரண்டு கார்புரேட்டர் மாட்டியிருக்கிறார். கழற்றிய சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். இன்ஜெக்‌ஷனைத் திரும்ப மாட்ட ஆசை. பெட்டியில் ஒரு உருளை வடிவ உலோக டப்பா இருக்கிறது. ஒரு ரப்பர் குழாய் மாட்டும் மூக்கு, நாலு பின் உள்ள சாக்கெட், ஒரு முனையில் ஏதோ பிசின் ஊற்றி அடைத்த குழி. ஒருவர் பெட்ரோல் ஃபில்டர் என்கிறார், இன்னொருவர் இக்னிஷன் காயில் என்கிறார். என்ன இது? வேண்டாமென்றால் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடவே, ‘35°C 8s’ என்று பொறித்த ஒரு பித்தளை நட்டு மாதிரி சாமானும் இருக்கிறது.

பதில்: ஐயோ, போட்டுவிடாதீர்கள்! அந்தப் பெட்டியிலேயே பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய சாமான் அதுதான்.

ஃபில்டர் என்றால் பெட்ரோல் உள்ளே வர ஒரு வாய், வெளியே போக ஒரு வாய் வேண்டும். இதில் இருப்பது ஒரே ஒரு மூக்கு. இக்னிஷன் காயில் என்றால் தடித்த வயர் செருகும் கழுத்து இருக்கும், ரப்பர் குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. ஒரு குழாய், நாலு பின் என்று நீங்கள் எழுதியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது மேனிஃபோல்ட் பிரஷர் சென்சார், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் (மேனிஃபோல்ட்) உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி. சந்தேகம் தீர, டப்பாவைத் துடைத்துவிட்டு பாஷ் நிறுவனத்தின் பத்து இலக்க எண்ணைத் தேடுங்கள். 0 280 100 என்று தொடங்கினால் அதேதான். 0 438 என்று தொடங்கும் சாமான் ஏதாவது பெட்டியில் கிடைத்தால், அது கே-ஜெட்ரானிக் என்ற வேறு முறையைச் சேர்ந்தது. உங்கள் காருக்கு உதவாது.

உங்கள் காரில் இருந்தது டி-ஜெட்ரானிக். ‘டி’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘ட்ரூக்’, அதாவது அழுத்தம். 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600-இல் வந்த முறை இது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று இது நேரடியாக அளப்பதில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தையும் எஞ்சின் வேகத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த அழுத்தத்தைச் சொல்வதுதான் உங்கள் டப்பாவின் வேலை. உள்ளே காற்று நீக்கி மூடிய மெல்லிய உலோகச் சிமிழ்கள் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும், சிமிழ்கள் சுருங்கும், அவற்றோடு சேர்ந்த இரும்புத் துண்டு கம்பிச் சுருளுக்குள் நகரும். அதை வைத்துக் கம்ப்யூட்டர், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்டு திறந்து வைப்பது என்று முடிவு செய்யும். இந்த டப்பா இல்லாமல் பாக்கி எல்லாவற்றையும் மாட்டினாலும் வண்டி ஓடாது.

இப்போது அந்தப் பிசின் அடைப்பு. அதைத் தோண்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே இருப்பது தொழிற்சாலையில் அளந்து திருகிவைத்த திருகு. நான் இளவயதில், புத்திசாலி என்ற நினைப்பில், ஒன்றைத் தோண்டிக் கால் சுற்றுத் திருகினேன். அப்புறம் பல வாரங்கள் வண்டி கரும்புகை கக்கியது, ஸ்பார்க் ப்ளக் எல்லாம் அடுப்புக்கரி மாதிரி ஆனது. பழைய இடத்துக்கே திருகிவிட்டேன் என்று நினைத்தேன். அந்தப் பழைய இடம் எது என்று குறித்துவைக்கத்தான் எனக்குத் தோன்றவில்லை!

தோண்டாமலே சோதிக்கலாம். பின்களின் எண்கள் 7, 8, 10, 15. மல்டிமீட்டரில் 7-க்கும் 15-க்கும் நடுவே ஏறக்குறைய 90 ஓம், 8-க்கும் 10-க்கும் நடுவே ஏறக்குறைய 350 ஓம் காட்ட வேண்டும். எந்தப் பின்னுக்கும் டப்பாவின் உடம்புக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. அடுத்து, மூக்கில் கைவேக்யூம் பம்பை மாட்டி இழுத்துப் பிடியுங்கள். பம்பின் அளவு முள் அப்படியே நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால் உள்ளே உள்ள டயஃப்ரம் என்ற மெல்லிய தகடு விரிசல் விட்டிருக்கிறது. இந்தச் சென்சாரின் தீராத வியாதி அது. அந்த நிலையில் மாட்டினால் எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகும். டயஃப்ரம் மாற்றுவது முடியாத காரியமில்லை, ஆனால் மாற்றியபின் மறுபடி அளந்து திருகத் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

கடைசி மூன்று இலக்கங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். வால்வோ 1800இ, சிட்ரோயன் டிஎஸ் 21 போன்றவற்றிலும் டி-ஜெட்ரானிக் உண்டு. டப்பா பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே அளவு வேறு. 914-இலேயே 1.7 லிட்டருக்கும் 2 லிட்டருக்கும் ஒன்றல்ல. கம்ப்யூட்டரும் சென்சாரும் ஜோடியாகத்தான் சேர வேண்டும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டர் மாட்டுகிறவர்கள், ஸ்பார்க் ப்ளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றிவிடுவது வழக்கம். டி-ஜெட்ரானிக்கின் டிஸ்ட்ரிபியூட்டரில், இன்ஜெக்டரை எப்போது திறப்பது என்று சொல்லும் தனி கான்டாக்ட்கள் கீழே இருக்கும். மாற்றாக மாட்டும் சாதாரண டிஸ்ட்ரிபியூட்டரில் அவை கிடையாது. பழையது பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். பம்பும் அப்படித்தான். இன்ஜெக்‌ஷனுக்கு 2 பார் அழுத்தம் வேண்டும், கார்புரேட்டர் பம்பு அதற்குத் தாங்காது. கேம்ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றினார்களா என்றும் பழைய உரிமையாளரிடம் கேளுங்கள். கேம் மாறினால் மேனிஃபோல்ட் அழுத்தம் மாறும், அதையே நம்பியிருக்கும் இந்த முறை குழம்பிப் போகும்.

பித்தளைச் சாமான் தெர்மோ-டைம் ஸ்விட்ச். எஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருந்தால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது மட்டும் குளிர் ஸ்டார்ட் வால்வுக்கு (கூடுதல் பெட்ரோல் தெளிப்பது) இணைப்புக் கொடுக்கும். கடுங்குளிரிலும் ஏறக்குறைய 8 விநாடிக்குள் உள்ளே உள்ள ஹீட்டர் அதைத் துண்டித்துவிடும். பின்களைத் துடைத்து ஒரு பையில் போட்டுவையுங்கள்.