வாசகர் கேள்வி-பதில்: மண்ணுக்கும் பசிக்கும்

கேள்வி: பூமியைத் தாய் என்று கும்பிடுகிறோம். அறிவியலும் அதை உயிருள்ளதாகப் பார்க்கிறதா?
- வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 1970களில் அறிவியலாளர்கள் ஜேம்ஸ் லவ்லாக், லின் மார்குலிஸ் இருவரும் முன்வைத்த கருத்து இதற்கு அருகில் வருகிறது. உயிர்கள் பூமியின்மேல் வெறுமனே குடியிருக்கவில்லை. காற்றும் கடலும் வெப்பமும் வாழத் தக்கபடி இருப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு என்றார்கள். பூமி முழுவதையும் ஓர் உடல் எனலாமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருப்பது செடிகொடிகளாலும் நுண்ணுயிர்களாலும்தான் என்பதில் ஐயமே இல்லை.

கோலாலம்பூர் நகருக்குள் இருக்கும் புக்கிட் நானாஸ் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். உரம் போட ஆளில்லை, மரங்கள் ஓங்கி நிற்கின்றன. மழைக்காட்டில் சத்தின் பெரும்பகுதி மரங்களில்தான் இருக்கிறது, மண்ணில் குறைவு. உதிர்ந்த இலையைக் கறையானும் பூஞ்சையும் சிதைக்கச் சிதைக்க, மேலாகப் படர்ந்த வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்தை வெட்டினால் இந்தச் சுற்று அறுந்துபோகும்; மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போய்விடும். பூமியைக் காப்பது என்றால் முதலில் இந்தச் சுற்றைக் காப்பதுதான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

கேள்வி: அடுக்குமாடி வீட்டில் வாளியில் காய்கறிக் கழிவைப் போட்டு உரம் தயாரிக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை, புழுவும் வந்துவிட்டது. என்ன செய்வது?
- வாசகி, செந்தூல்

பதில்: காற்று போகவில்லை, ஈரம் மிகுந்துவிட்டது. காய்கறிக் கழிவில் பெரும்பங்கு தண்ணீர். அது வாளியின் அடியில் தேங்கினால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகல் நாற்றத்தைக் கிளப்பும்.

20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். அடியிலும் பக்கங்களிலும் சுண்டுவிரல் நுழையும் அளவில் இருபது துளைகள் போட்டு, செங்கல் துண்டுகள்மேல் வைத்து, கீழே ஒரு தட்டு வையுங்கள். அடியில் மூன்று அங்குலம் காய்ந்த இலை. பிறகு ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் காய்ந்த இலை அல்லது கிழித்த முட்டை அட்டை, கூடவே ஒரு பிடி தோட்டத்து மண். இந்த மண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேலை செய்யும் நுண்ணுயிர்கள் அதில்தான் வருகின்றன. மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் இலை சேருங்கள், உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். சிறுநீர் நெடி வந்தாலும் இலை போதவில்லை என்று அர்த்தம்.

தேங்காய்ச் சக்கையை மொத்தமாகக் கொட்டினால் கட்டிபட்டுப் புளித்துவிடும். ஒரு பிடியாகத் தூவிக் கலந்துவிடுங்கள். மீன், இறைச்சி, மிஞ்சிய குழம்பு வேண்டவே வேண்டாம். சிறு வாளி அவற்றைச் சமாளிக்கும் அளவுக்குச் சூடேறாது. குழம்பின் உப்பு செடிக்கும் ஆகாது.

பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் என்றால் அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று தீர்ப்பவை, வளர்ந்த ஈ கடிக்காது. கொல்ல வேண்டாம், மேலே இரண்டு அங்குலம் காய்ந்த இலை மூடினால் குறையும். தட்டில் சேரும் நீரை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண் வாசனை வரும். மேலும் சில வாரம் ஆறவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டியில் இடுங்கள். அவசரப்பட்டால் அரைகுறை உரம் வேரின் தழைச்சத்தைத் தானே தின்றுவிடும், இலை மஞ்சளாகும்.

கேள்வி: எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) தினமும் கூட்டிய இலையை எரிக்கிறார்கள். சரியா?
- வாசகர், கெப்போங்

பதில்: சரியில்லை. மலேசியாவின் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் திறந்தவெளி எரிப்புக்குத் தடை உள்ளது. அந்த இலையை மரத்தைச் சுற்றி மூன்று அங்குலம் பரப்பச் சொல்லுங்கள். அடிமரத்தை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், இல்லையேல் பட்டை அழுகும். மிஞ்சியதைக் கோணியில் கட்டி மழை படாமல் வைத்தால், வாளியில் உரம் போடுவோருக்கு ஆண்டு முழுதும் உதவும்.