வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாதியில் நின்றுபோன காமிக்ஸை நாங்கள் நாலு ரசிகர்கள் வரைந்து தொடரப் போகிறோம். வாசகர்கள் ஏற்பார்களா?

பதில்: விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்தால் ஏற்பார்கள். பிரிட்டனில் 1993இல் தொடங்கிய, சோனிக் என்ற வீடியோ கேம் நாயகனின் காமிக்ஸ் இதழான 'சோனிக் த காமிக்', 184ஆம் இதழோடு புதுக்கதைகளை முடித்துக்கொண்டு, மறுபதிப்பிலேயே ஓடி, 2002இல் 223ஆம் இதழுடன் நின்றது. ரசிகர்கள் இணையத்தில் 224 என்றே எண்ணிட்டுத் தொடர்ந்தார்கள். அருமையான முடிவு! அந்த எண்ணே பழைய வாசகரை உள்ளே இழுக்கும்.

கோபம் பெரும்பாலும் ஓவியத்தால் வருவதில்லை. பாத்திரத்தின் பேச்சு மாறும்போதுதான் வரும். எனவே பழைய இதழ்களை முழுதாகப் படித்து, யார் யாரை எப்படி அழைப்பார், யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்று நோட்டில் எழுதுங்கள். முதல் இதழில் உங்கள் சொந்தப் பாத்திரம் வேண்டாம். தங்கள் நாயகனை ஓரங்கட்டியதாகவே வாசகர்கள் நினைப்பார்கள். இரண்டு ஓவியர்கள் என்றால் ஒரே கதையைப் பாதியில் கைமாற்றாதீர்கள், ஆளுக்கொரு கதை கொடுங்கள். மூன்று இதழ்கள் முடிந்து கையில் இருந்தால் மட்டும் முதலாவதை வெளியிடுங்கள். இல்லையென்றால் இரண்டாவதிலேயே தாமதமாகும், வந்தவர்கள் கலைந்துவிடுவார்கள்.

காசு வாங்காவிட்டாலும் பாத்திரங்களின் உரிமை உரியவரிடமே இருக்கிறது. அனுமதி கேட்டு எழுதுங்கள்.