'வெட்டரன்' என்ற சொல்லும் உங்கள் மகளின் படிப்பும்

நீலகிரி வெலிங்டனிலிருந்து மகளோடு வந்திருந்த ஐயா அவர்களுக்கு,

இருபது ஆண்டுகள் படையில் இருந்து ஓய்வு பெற்ற நீங்கள், மகள் கணினிப் பொறியியல் வேண்டாம் என்கிறாள் என்று கலங்கியபோது ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாது. உங்கள் பணிக்கொடையைக் கொட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் அந்த இடத்தை வாங்கவே கூடாது என்பதுதான் என் கருத்து.

நீங்கள் வெளியே மைத்துனரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் தன் நோட்டைப் பிரித்து ஒரு சொல்லைக் காட்டினாள். எழுபது வயது நடிகரை ஆங்கில நாளிதழ் 'வெட்டரன்' என்கிறது; தரைப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி ஜெனரல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற ஜனவரி 14ஐ ஒட்டி நடக்கும் 'வெட்டரன்ஸ் டே' விழாவில் 43 வயது அப்பாவையும் அப்படியே அழைக்கிறார்களே என்று கேட்டாள். பழையது என்னும் பொருளுடைய 'வெட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதன் வேர் என்றும், அமெரிக்காவில் படையிலிருந்து விலகிய இருபத்தைந்து வயது இளைஞனும் வெட்டரன்தான் என்றும் சொன்னேன். அதற்குள் அவளே மேலே போய்விட்டாள்: வெட்டரன் நடிகர் இன்னும் நடிக்கிறார், வெட்டரன் படைவீரரோ படையை விட்டு வந்தவர், ஆகவே முன்னவருக்கு 'மூத்த' என்றும் பின்னவருக்கு 'முன்னாள்' என்றும்தான் தமிழில் எழுத வேண்டும், உங்களை 'மூத்த வீரர்' என்று எழுதினால் பிழை என்றாள். பதினேழு வயதில் இப்படிப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை.

அவளுக்குரிய துறை, மொழிகளின் அமைப்பை ஆராயும் மொழியியல். அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலமோ தமிழோ முடித்தபின், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. மொழியியல் படிக்கலாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு நிதிக்கும் தகுதி பார்க்கும் யுஜிசி நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் இளநிலை ஆய்வு நிதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும். கூடலூர் வழியாக மலையிறங்கினால் எட்டிவிடும் மைசூரில், 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அகராதி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றோடு, கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் பணிக்கும் இப்படிப்பட்டவர்கள் தேவைப்படுகிறார்கள். தோடர், கோத்தர் மொழிகளைக் கற்க 1930களில் கடல் கடந்து நம் நீலகிரிக்கு வந்த எம்.பி. எமனோ என்ற மொழியியலாளர், டி. பர்ரோ என்ற அறிஞருடன் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார்; அந்த மொழிகள் உங்கள் மகளுக்குப் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன.

வேலையிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அரசுக் கல்லூரிக் கட்டணம் உங்கள் ஓய்வூதியத்துக்குள் அடங்கும். விருப்பமில்லாத நான்காண்டுப் படிப்புக்கு வாங்கும் கடன் அடங்காது, அதை அடைக்க மைத்துனரும் வரப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது அந்த நோட்டை அவள் மறக்காமல் கொண்டுவரட்டும். முதலில் நீங்கள் அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.