கிராம சபையில் பேசப் போகிறீர்களா? கடைசிச் சொல்லைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் தெருவில் குடிநீர் ஒழுங்காக வருவதில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் பற்றி நான்தான் பேச வேண்டும் என்று மகளிர் குழுவில் முடிவாகியிருக்கிறது. ஐந்து நிமிடம் கிடைக்கும். போன முறை பேசியபோது கையிலிருந்த தாள் நடுங்கியது, குரல் கீச்சென்று ஏறிவிட்டது, குழாய் ஸ்பீக்கரில் என் குரலே திரும்பி வந்து தடுமாறிப் போனேன். பேச்சில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்கிறார்களே, அதை மட்டும் பழகினால் போதுமா?

பதில்: போதாது. அந்த 93 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன், 1967-ல் வெளியான இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துச் சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்று கணக்குப் போட்டார். அந்த ஆய்வுகளில் யாரும் மேடையேறிப் பேசவில்லை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள், முகப் படங்களைக் காட்டினார்கள், சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சைத் தாண்டி இதைப் பொருத்தக் கூடாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். உங்கள் தெருவில் எத்தனை வீடு, எத்தனை குழாய், தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை எந்த முகபாவமும் சொல்லிவிடாது. சொல்தான் முதலில். அந்தச் சொல் முழுதாகப் போய்ச் சேர வைப்பதே உடலின் வேலை.

எங்கே அது சேராமல் போகிறது? பெரும்பாலும் வாக்கியத்தின் முடிவில். "மோட்டாரை ரிப்பேர் பண்ணிட்டாங்க", "மோட்டாரை ரிப்பேர் பண்ணலை": இரண்டும் நேரெதிர், ஆனால் வேறுபாடு கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் மூச்சு தீர்கிறது, குரல் இறங்குகிறது. அடுத்த வரியைத் தேடிக் கண் தாளுக்குப் போக, தலை குனிந்து வாய் மைக்கை விட்டு விலகுகிறது. பின்வரிசையில் இருப்பவருக்கு "மோட்டாரை ரிப்பேர்..." வரைதான் கேட்கும்.

ஆகவே ஒரு மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய வாக்கியங்களாக எழுதிக்கொள்ளுங்கள். "மோட்டார் பழுதாகி, ஆள் வந்து பார்த்து, பாகம் இல்லையென்று திரும்பிப் போய்" என்று எச்சமாக நீட்டினால் மூச்சும் தாங்காது, கேட்பவரின் நினைவும் தாங்காது. "மோட்டார் பழுதாயிடுச்சு. ஆள் வந்து பார்த்தாங்க. பாகம் இல்லைன்னு போயிட்டாங்க" என்று வெட்டுங்கள். வீட்டில் பேசும் தமிழே போதும். மேடைத் தமிழுக்குத் தாவினால் பாதியில் வழுக்கும்.

மெல்லிய தாள் கைநடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதன் சரசரப்பையும் மைக் பிடித்துக்கொள்ளும். தபால் அட்டை அளவில் தடித்த அட்டைகள் நான்கைந்து போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குறிப்புகள் மட்டும், பெரிய எழுத்தில். வாயை மூடிக்கொண்டு அட்டையைப் பாருங்கள், தலையை நிமிர்த்துங்கள், ஒருவரைப் பார்த்து ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லி முடியுங்கள். அதன் பிறகே மறுபடி குனிய வேண்டும். நடுவில் வரும் அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். கேட்பவருக்கு அது யோசிக்கக் கிடைத்த நேரம். அடுத்த வாக்கியத்துக்கு வேறு பக்கத்தில் ஒருவர்.

மைக் வாயிலிருந்து நான்கு விரல் அகலத்தில், உதட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி 'டொப்' என்று கேட்கும். தூரம் இரட்டித்தால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். மேலே உள்ள வலைக்குமிழைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் சுற்றியுள்ள ஒலியையும் இழுத்துக்கொண்டு ஊளையிடும். ஸ்டாண்டில் மைக் இருக்கும்போது தலைவரைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பினால் குரல் காணாமல் போகும். காலை நகர்த்தி, மைக் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் வரும்படி நின்று, அதை உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டால் வாய் மைக்கை விட்டு விலகாமலே அவரைப் பார்க்கலாம்.

குரல் திரும்பி வந்து தடுமாற வைத்ததற்கு உங்கள் பயம் மட்டும் காரணமல்ல. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து உங்கள் குரல் 0.2 நொடி தாமதமாகக் காதுக்கு வரும். நாக்கை மிக அதிகமாகக் குழப்புவது இந்த அளவு தாமதம்தான். நன்றாகப் பேசுபவர்களும் திக்குவார்கள். எதிரொலிக்காகச் சொல்லை இழுக்காதீர்கள். வாக்கியத்தை வழக்கமான வேகத்தில் முடித்து, எதிரொலி அடங்கும் வரை நிறுத்துங்கள். சபை தொடங்கும் முன்பே போய், மைக் செட்காரரிடம் சொல்லி, உங்கள் பேச்சின் இரண்டு வாக்கியங்களை அதில் பேசிப் பாருங்கள். உங்களை நோக்கி இருக்கும் குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிவிடச் சொல்லியும் கேட்கலாம்.

குரல் கீச்சிடுவது தொண்டைத் தசை இறுகுவதால். எழுந்திருக்கும் முன் நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து முறை. வாய் உலர்ந்தால் சாதாரணத் தண்ணீர் ஒரு மிடறு. முழங்காலை விறைக்காமல் நில்லுங்கள். "தலைவர் அவர்களே, செயலர் அவர்களே" என்று ஒவ்வொருவராக விளிப்பதில் முதல் மூச்சைச் செலவழிக்க வேண்டாம், "எல்லாருக்கும் வணக்கம்" போதும்.

சும்மா இருக்கும் கையை எண்கள் வரும்போது மட்டும் உயர்த்துங்கள். அதிகாரியை நோக்கி விரல் நீட்டினால், தண்ணீர்ப் பேச்சு உடனே சண்டைப் பேச்சாகிவிடும். சபையின் கவனம் திரும்பி வராது. உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள்.

பயிற்சிக்கு, போனைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்து, வாக்கிய முடிவுகளை மட்டும் கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு நான்கு நிமிடப் பேச்சே தயார் செய்யுங்கள். நடுவில் குறுக்குக் கேள்வி வரும்.

கடைசி வாக்கியம் கோரிக்கை: என்ன வேலை, எந்தத் தெருவில், எந்தத் தேதிக்குள். அதை இரண்டு முறை சொல்லுங்கள். "இதைத் தீர்மானமா எழுதிக்கணும்" என்று கேட்டுவிட்டு உடனே நன்றி சொல்லி இறங்கிவிடாதீர்கள். செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்துக் காட்டும் வரை மைக் அருகிலேயே நில்லுங்கள்.