சோலார் பூட்ட முதல் கிணற்றை அளவுங்கள்

வாசகர் கேள்வி: "தம்பி, எனக்கு வயது 63. யாழ்ப்பாணம் புத்தூர்ப் பக்கம் 10 பரப்புத் தோட்டம். வெங்காயம், மிளகாய், இடைக்கிடை பீற்றூட். மண்ணெண்ணெய் மெசினால்தான் இறைப்பு. தோட்டத்துக்குக் கரண்ட் இல்லை, வீடு கால் மைல் தள்ளி. கனடாவில் இருக்கிற மகன், சோலார் போடுவம் அப்பா, காசு அனுப்புறன் என்கிறான். ஒரு கொம்பனிக்காரர் வந்து பார்த்தார். வீட்டுக் கூரையில் 5 கிலோவாற், தோட்டத்துக்கு 3 குதிரைவலு சோலார் மோட்டர், இரண்டையும் ஒன்றாகப் பூட்டித் தாறம் என்றார். கரண்ட் போனாலும் வீட்டில் லைற் எரியுமாம், மிச்சத்தை மின்சார சபைக்கு விக்கலாமாம், தோட்டத்துக்கு நாள் முழுக்கத் தண்ணி ஓடுமாம். நம்பிச் செய்யலாமோ?"

ஐயா, அவர் சொன்னவை மூன்று. கரண்ட் போனாலும் லைற் எரியும் என்பது, பற்றரி இல்லாமல் பூட்டினால் பிழை. மிச்சத்தை விற்கலாம் என்பது சரி, ஆனால் விலை பழைய விலை அல்ல. தோட்டத்துக்கு நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும் என்பது முழு உண்மை. எனக்குப் பயம் அந்த மூன்றாவதில்தான். அதனால் வீட்டைப் பிறகு பார்ப்போம், தோட்டத்துக்கு வாருங்கள்.

துலா மிதித்த காலத்தில், போதும் என்று சொன்னது மிதிப்பவரின் கால். மெசின் வந்த பிறகு அதைச் சொன்னது மண்ணெண்ணெய்ப் போத்தல். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ஆனபோது, வலிகாமத்தில் எத்தனை பேர் இறைப்பைப் பாதியாகக் குறைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். காலை எட்டு மணிக்குத் தானாகத் தொடங்கி, பின்னேரம் நாலு மணிக்குத் தானாக நிற்கிற சோலார் மோட்டருக்குப் போதும் என்று சொல்ல ஆளில்லை. வெயிலுக்குக் காசும் இல்லை. கை தானாகவே கூடுதலாக இறைக்கும்.

கூட இறைத்தால் என்ன வரும் என்பதற்கு உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. நவக்கிரி நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. உங்கள் கிணறும் அதே சுண்ணக்கல்லில் வெட்டியதுதான். குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மாரியில் பெய்கிற மழை கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து கிடக்கிறது. நிலத்தடி நீரைப் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடியை நிரந்தரமாகக் குறைத்துவிட்டால், கீழே இருந்து உப்பு 40 அடி ஏறி வர இடம் கொடுக்கிறோம். பொத்தலும் வெடிப்புமான நம் கல்லில் இந்தக் கணக்கு அச்சொட்டாகப் பலிக்காது. ஆனால் உப்பு வருகிற திசை இதுதான். பெரிய மோட்டர் ஒன்று கிணற்றின் நடுவில் நின்று உறிஞ்சினால் அந்த இடத்தில் உப்பு கூம்பாக எழும்பும். ஒருமுறை ஏறினால் இறங்க எத்தனை மாரி வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சரி, உங்களுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே 10 பரப்பு ஏறக்குறைய 2,500 சதுர மீற்றர். நல்ல கோடையில் பயிருக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் என்று வைத்தால் 12,500 முதல் 15,000 லீற்றர் வரை வருகிறது. நீங்கள் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை பாத்தி நிரப்ப இறைப்பீர்கள், நான் அதை ஒரு நாளுக்குப் பிரித்துச் சொல்கிறேன். 15,000 லீற்றரை 12 மீற்றர் உயரத்துக்குத் தூக்க, மோட்டர் மூன்றில் ஒரு பங்கு சக்தியைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றரை யூனிட் மின்சாரம் போதும். அதாவது 550 வாற் பனல் இரண்டு, 1 குதிரைவலு மோட்டர். அதுவே வெயில் மங்குகிற நாளையும் சேர்த்துத் தாராளம். 3 குதிரைவலு உங்களுக்கு எதற்கு? விற்கிறவருக்கு எதற்கு என்பது வேறு கதை.

சின்னதாகப் போடுவதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பனல் 27, 28 கிலோ வரும். இரண்டு என்றால் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியிலோ தள்ளு வண்டியிலோ சட்டம் அடித்துப் பூட்டி, பின்னேரம் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். கால் மைல் தள்ளி, ஆளில்லாத தோட்டத்தில் பத்துப் பனலை இரவில் விட்டுவிட்டு நித்திரை வருமா?

ஆனால் மோட்டர் வாங்குவது இரண்டாவது வேலை. முதலாவது, கிணற்றை அளப்பது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். வழமைபோல இறைக்கிற நாளில், தொடங்க முன் நீர் மட்டம் எந்த முடிச்சில், முடிந்தபோது எதில், ஒரு மணித்தியாலம் கழித்து எதில், அடுத்த நாள் விடிய எதில் என்று கொப்பியில் எழுதுங்கள். 12 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி என்பது ஏறக்குறைய 3,200 லீற்றர். அப்படியானால் 15,000 லீற்றர் எடுத்தால், ஊற்றைக் கணக்கில் எடுக்காமல், ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைய இறங்கும். விடிய பழைய முடிச்சுக்கு ஏறிவிட்டால் கிணறு தாங்குகிறது. ஏறாவிட்டால் உங்கள் 1 குதிரைவலுவே அதற்குப் பெரிது. அரை குதிரைவலு போட்டு, பகல் முழுக்க மெதுவாக எடுத்துத் தொட்டியில் சேர்க்க வேண்டும்.

கூடவே இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்து வையுங்கள், ஒன்று இறைப்புத் தொடங்கும்போது, மற்றது முடியும்போது. உப்பை மின் கடத்தலால் அளக்கிற சின்ன மீற்றர் இருக்கிறது, விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் வழி காட்டுவார். ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் அட்டவணைப்படி, விளைச்சல் குறையாமல் இருக்க வெங்காயத்துக்கு அந்த மீற்றர் 800 மைக்ரோசீமன்ஸ் அளவுக்குள் காட்ட வேண்டும், மிளகாய்க்கு 1,000, பீற்றூட்டுக்கு 2,700. எண் கூடி இருப்பதைவிட, முதல் போத்தலுக்கும் கடைசிப் போத்தலுக்கும் இடையில் ஏறியிருப்பதுதான் ஆபத்தின் அறிகுறி. நாக்கில் உப்புத் தெரியும் வரை காத்திருக்காதீர்கள். பீற்றூட் செழிப்பாக நிற்க, வெங்காயத் தாள் நுனி மட்டும் கருகினால் அதையும் சந்தேகியுங்கள்.

தோட்டக்காரர் விடியப்புறம் இறைக்கப் பழகியவர்கள், பனலோ எட்டு ஒன்பது மணிக்குப் பிறகுதான் உருப்படியாக வேலை செய்யும். இந்த இழுபறிக்குத் தொட்டிதான் மருந்து. 10,000 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தொட்டி ஒன்றைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால், பகலில் நிரம்பியது அடுத்த நாள் விடிய பாத்திக்குப் போகும். பற்றரிக்குக் கொடுக்கிற காசைத் தோட்டத்தில் தொட்டிக்குக் கொடுங்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டரை நிறுத்துகிற மிதவைச் சுவிச்சும், கிணற்றில் மட்டம் இறங்கினால் நிறுத்துகிற சென்சரும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். போதும் என்று சொல்ல ஆள் வேண்டும் என்றேனே, அந்த ஆள் அந்தச் சென்சர்தான். மிளகாய்க்குச் சொட்டு நீர் போட்டால் தேவை இன்னும் குறையும். பழைய மெசினை விற்க வேண்டாம், கார்த்திகை மூடலில் அது உதவும்.

இனி வீடு. அங்கே கரண்ட் இருக்கிறது, ஆகவே அது வேறு கணக்கு. கூரை மின்சாரம் கால் மைல் நடந்து தோட்டத்துக்கு வராது, இரண்டையும் ஒரே பில்லில் போடத் தேவையும் இல்லை. ஒரு கிலோவாற் பனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் என்று கணக்கு வையுங்கள். 5 கிலோவாற் என்றால் மாதம் 600. ஐப்பசி, கார்த்திகையில் அதில் நன்றாகக் குறையும், பங்குனி சித்திரையில் கூடும். 2016 இல் அரசாங்கம் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் ஏழு ஆண்டுக்கு யூனிட் 22 ரூபா, பிறகு 15.50 என்று 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். நெருக்கடிக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 வரை போய், 27 ஆகி, 2025 இல் சிறிய கூரைகளுக்கு 21 ரூபாவுக்கும் கீழே வந்தது. கொம்பனிக்காரர் காட்டிய இலாபக் கணக்கு எந்த ஆண்டு விலையில் போட்டது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பாவனை மாதம் 100 யூனிட்டுக்குள் என்றால், 5 கிலோவாற் என்பது வீட்டுத் தேவை அல்ல, வியாபாரம். வியாபாரம் செய்யலாம், ஆனால் அது தெரிந்து செய்ய வேண்டும்.

காசு கட்ட முதல் உங்கள் பிரதேச மின்சார அலுவலகத்தில் உங்கள் ஒழுங்கையின் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டுக் காசில் அடுத்தடுத்த கூரையெல்லாம் பனல் ஏறிய ஒழுங்கைகளில், நடுப்பகலில் வோல்ற்றேஜ் ஏறி, பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேட்டர் தானாக நின்றுவிடுகிறது. நல்ல வெயிலில் மீற்றர் சும்மா கிடக்கும். 2025 சித்திரை வருசத்துக்குத் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடந்தபோது, கூரைச் சூரியன் வைத்திருப்பவர்களைப் பின்னேரம் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி சபையே நாடு முழுக்கக் கேட்டது.

கரண்ட் போனால் லைற் எரியாது என்றேனே, காரணம் சொல்ல வேண்டும். சபையின் கம்பியில் கரண்ட் இல்லாதபோது உங்கள் கூரை அதற்குள் கரண்டை அனுப்பினால், கம்பத்தில் ஏறித் திருத்துகிற ஊழியர் செத்துப்போவார். அதனால் சாதாரண இன்வேட்டர் கம்பி செத்த கணமே தானும் நின்றுவிடும். 2022 பங்குனியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியபோது, கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களும் மெழுகுதிரி கொளுத்தினார்கள். 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்ட எங்களுக்கு அது பெரிய இருட்டில்லை, ஆனால் இலட்சக் கணக்கில் செலவழித்தவருக்கு எரிச்சல் வராதா? வெட்டு நேரத்திலும் எரிய வேண்டும் என்றால் பற்றரியோடும் ஓடுகிற ஹைபிரிட் இன்வேட்டரும் லித்தியம் பற்றரியும் வேண்டும். லைற், விசிறி, பிறிட்ஜ் அளவுக்கு 5 யூனிட் பற்றரி ஓர் இரவுக்குத் தாங்கும்.

கூரை பற்றி இரண்டு வார்த்தை. பத்துப் பனல் 270 கிலோவுக்கு மேல் வரும். ஓட்டுக் கூரை என்றால் பனஞ்சிலாகையை ஒரு தச்சரைக் கொண்டு தட்டிப் பாருங்கள். நம் ஊரில் சூரியன் சித்திரை (ஏப்ரல்) நடுவிலும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலும் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாயும், மற்ற மாதங்களில் எல்லாம் தெற்கே சாயும். அதனால் தெற்கு நோக்கிய 10 பாகைச் சரிவு நல்லது, ஆனால் கிழக்கு மேற்குக் கூரையிலும் பெரிய நட்டம் இல்லை. தென்னோலை நிழல்தான் நட்டம். செம்மண் புழுதியைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் சுண்ணாம்புக் கறை படியும், காயவிடாமல் துணியால் துடையுங்கள்.

சோளகம் இப்படி அடிக்கிற ஊரில் காற்றாடி போட்டால் என்ன என்று மகன் கேட்கக்கூடும். காற்று உயரத்தில்தான் காசாகும். பளையில் நிற்கும் கோபுரங்களைப் பாருங்கள். எழுவைதீவில் சூரியன், காற்று, பற்றரி, டீசல் நாலையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கும் அதேபோலச் செய்ய 2024 பங்குனியில் இந்திய உதவியோடு ஒப்பந்தமானது. அவை ஒரு தீவுக்கே பொதுவாக, பராமரிக்க ஆள் வைத்து நடத்துகிறவை. வேலியோரத்துச் சின்னக் காற்றாடி பனை மறைப்பில் சுற்றுவதைவிடச் சத்தம் போடும்.

மகனிடம், தோட்டத்துக்கு இரண்டு பனலும் தொட்டியும் முதலில், வீடு அடுத்த வருசம் என்று சொல்லுங்கள். மாரித் தண்ணீர் நிற்கும்போது கிணற்றை அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான், அந்த அளவு வேண்டாம். ஆவணிக் கடைசியில், மழை தொடங்க முன், அந்த நாலு முடிச்சுக் கணக்கையும் இரண்டு போத்தல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். மோட்டர் அரைக் குதிரைவலுவா ஒன்றா என்று அப்போது சொல்கிறேன்.