மத்தவங்க செஞ்சா குணம், நாம செஞ்சா சூழ்நிலைன்னு ஏன் சொல்றோம்?

இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியல. உங்களையும் யாரோ இப்படி ஒரே வார்த்தையில முத்திரை குத்தியிருக்காங்க போல, அடிபடாதவங்க இதைக் கேக்க மாட்டாங்க.

எங்கப்பா இறந்தப்ப நான் அழல. அஞ்சு வருஷம் ஆச்சு, இன்னும் சொந்தக்காரங்க வாயில அதான் ஓடுது, "கல்நெஞ்சுக்காரி, பெத்த அப்பாவுக்கு ஒரு சொட்டு கண்ணீர் விடல"ன்னு. அவங்க பாத்தது என் முகத்தை மட்டும்தான். முந்தின மூணு ராத்திரி ஐசியூ வாசல்லயே கிடந்தது தெரியாது, அம்மாவுக்கு பிரஷர் ஏறி எப்ப மயங்கி விழுவாங்களோன்னு ஒரு கையால அவங்களைத் தாங்கிக்கிட்டு இன்னொரு கையில மாத்திரை அட்டையை இறுக்கிப் பிடிச்சிருந்தது தெரியாது. சாயங்காலம் கையை விரிச்சப்ப அட்டையோட விளிம்பு உள்ளங்கையில கோடு கோடா பதிஞ்சிருந்துச்சு.

  

சரி, கேள்விக்கு வரேன். 1967ல ஜோன்ஸ், ஹாரிஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் கியூபா தலைவரா இருந்த காஸ்ட்ரோவை ஆதரிச்சும் எதிர்த்தும் எழுதின கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தாங்க. எழுதினவருக்கு வேற வழியே இல்ல, இந்தப் பக்கம்தான் எழுதணும்னு சொல்லி எழுத வெச்சதுன்னு தெரிஞ்சும்கூட, ஆதரிச்சு எழுதினவர் மனசுல கொஞ்சமாவது காஸ்ட்ரோ ஆதரவு இருக்கும்னுதான் படிச்சவங்க நினைச்சாங்க. காரணம் தெரிஞ்சவங்களே இப்படின்னா, என் சொந்தக்காரங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அதே வருஷம் ஹெரால்ட் கெல்லிங்கிற உளவியலாளர் சொன்னது, ஒருத்தர் செயலுக்குக் காரணம் தேடும்போது மூணு விஷயம் பாக்கணும், மத்தவங்களும் அப்படித்தான் செய்றாங்களா, இவர் வேற இடத்துலயும் அப்படியா, எப்பவுமே அப்படியா. எங்க அத்தை செத்தப்ப நான் தேம்பித் தேம்பி அழுததை இதே ஆளுங்கதான் பாத்தாங்க, ஒருத்தராவது அதை யோசிச்சாங்களா?

யாராவது வந்து "எல்லாத்துக்கும் சூழ்நிலைன்னு சாக்கு சொல்லலாமா"ன்னு கேப்பீங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல, கெட்ட குணம் உள்ளவங்களும் இருக்காங்க. இன்னொண்ணு, நீங்க கேட்ட வித்தியாசம் எல்லாத்துக்கும் பொருந்தாது. 2006ல பெர்ட்ரம் மாலேங்கிற உளவியலாளர் 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தார், மொத்தமா பாத்தா அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, ஆனா கெட்ட விஷயம்னு வந்துட்டா இருக்கு. நல்லது நடந்தா அப்படியே தலைகீழ், நம்ம நல்லது நம்ம குணம், அடுத்தவங்க நல்லது அவங்க நேரம்.

நானும் இதைப் பண்ணேன், அதான் உறுத்துது. அப்பா இறந்த அன்னைக்கு என் தம்பி மூணு மணி நேரம் லேட்டா வந்தான், வந்தவனை எல்லார் முன்னாடியும் பொறுப்பில்லாதவன்னு கத்திட்டேன், ஏன்டா லேட்டுன்னு ஒரு வார்த்தை கேக்கல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு நாள் அவன் மெதுவா சொன்னான், "நீ ஏன் அழலன்னு நான் மட்டும்தாங்க்கா உன்கிட்ட கேக்கல."