தொடைக்கு வேலை, தாடைக்கு ஓய்வு

வணக்கம். ஒரு வருடமாக யோகா பழகுகிறேன். முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் வீரபத்ராசனத்தில் தொடை நடுங்குகிறது, பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். ஆசிரியர் ‘தளர்த்துங்கள்’ என்கிறார். தளர்த்தினால் முழங்கால் உள்பக்கம் சரிந்து ஆசனமே கலைந்துவிடுகிறது. பலமாக நிற்பதா, தளர்வாக நிற்பதா?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஆசிரியர் தொடையைத் தளர்த்தச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்த ஆசனத்தில் கால்கள் உழைத்தே ஆக வேண்டும். பின்பாதத்தின் வெளிவிளிம்பு தரையை அழுத்த வேண்டும், முன்முழங்கால் கணுக்காலுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். அதைத் தளர்த்தினால் சரியத்தான் செய்யும். தாடைக்கும் நெற்றிக்கும் கழுத்துக்கும் அங்கே வேலை இல்லை. தளர வேண்டியது அவைதான்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி அதில் ஆசனத்துக்கென்று ஒதுக்கியது மூன்றே சூத்திரங்கள். உறுதியும் சுகமும் சேர்ந்ததே ஆசனம் என்கிறது முதலாவது. முயற்சி தளர்வதை அதற்கொரு வழியாகச் சொல்கிறது அடுத்தது. அவர் மனதில் இருந்தது தியானத்துக்கு உட்காரும் நிலை. இன்று நாம் நின்று செய்யும் ஆசனங்களைப் பரவலாக்கியவர்கள் 20ஆம் நூற்றாண்டில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் அவருடைய மாணவர்களும். இருந்தாலும் அந்த வரிசை நமக்கும் பொருந்துகிறது. முயற்சி என்று ஒன்று இருந்தால்தானே அது தளர முடியும்?

எவ்வளவு முயற்சி போதும் என்பதை மூச்சிடம் கேளுங்கள். மூக்கு வழியாகச் சீராக வந்து போனால் சரி. திணறினாலோ, உங்களை அறியாமல் அடக்கிக்கொண்டாலோ, கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்துக் கொஞ்சம் மேலே எழுந்து, ஐந்து மூச்சு நில்லுங்கள். தசை களைக்கும்போது வரும் நடுக்கத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் முழங்கால் மூட்டில் வலி என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனத்தில் கதை வேறு. வெடுக்கென்று இழுத்தால் தசை தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும். மூச்சை வெளியே விட்டபடி மெதுவாகக் குனியுங்கள், அது தானே இடம் கொடுக்கும். இயல்பிலேயே நன்றாக வளைகிறவர்களுக்கு மட்டும் நேர்மாறாகச் சொல்வேன். அவர்கள் சிரமமில்லாமல் கடைசி எல்லைக்குப் போய் மூட்டுகளில் தொங்கிவிடுகிறார்கள். நாலு விரற்கடை முன்னாலேயே நிறுத்தி, தசையால் உடம்பைத் தாங்கிப் பழகுவது அவர்களுக்கு நல்லது.